நாற்பத்திரண்டாவது கை

டிரைவைக் காப்பாற்றுவது என் வேலை. ஆளைக் காப்பாற்றுவது டிரைவின் வேலை. எங்களுக்குள் வேலை இப்படித்தான் பிரிக்கப்பட்டிருந்தது. என் பங்கை நான் ஒழுங்காகச் செய்தேன். கோளாறே அதில்தான்.

என் பெயர் சூசை. இருபத்தாறு வருஷமாக ஃபாக்டரி மோட்டார்களுக்கு டிரைவ் மாட்டுகிறவன். டிரைவ் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. மின்சாரத்தின் அதிர்வெண்ணைக் கூட்டிக் குறைத்து மோட்டாரின் வேகத்தைத் தன் பிடியில் வைத்திருக்கும் பெட்டி, அவ்வளவுதான். விலை அதிகம், உடம்பு பூஞ்சை. தூசி ஆகாது, சூடு ஆகாது, லைனில் வருகிற துள்ளல் ஆகாது. வீட்டுக்கு வந்த புது மாப்பிள்ளையைப் போலத் தாங்க வேண்டும். அதற்கு முன்னால் துள்ளலை அடக்கும் ஒரு சோக், சட்டென்று அறுகிற ஃபியூஸ், தனி எர்த், மேலும் கீழும் மூச்சுவிட ஒரு சாண் இடம். நான் மாட்டிய டிரைவ் பதினோரு வருஷத்தில் ஒன்றுகூட எரிந்ததில்லை. முன்பெல்லாம் இதை யாரும் கேட்காவிட்டாலும் சொல்லுவேன்.

இரண்டாயிரத்து முப்பத்தெட்டில் அந்தப் புது டிரைவ் வந்தது. கம்பெனி அதற்கு வாயில் நுழையாத பெயர் ஒன்று வைத்திருந்தது. எங்கள் பக்கத்தில் எல்லோரும் ‘கை தெரிஞ்ச டிரைவ்’ என்றே சொன்னோம். ரப்பர் மில்லுக்கென்று செய்தது. இரண்டு இரும்பு உருளைகள் எதிரெதிராகச் சுற்றும். நடுவில் விரல் நுழையும் அளவு சந்து. அதை ‘வாய்’ என்போம். ஆபரேட்டர் ரப்பரை அந்த வாய்க்குள் கொடுத்து, கீழே வருவதை அறுத்து மடித்து, மறுபடியும் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். வாய்க்கு ரப்பருக்கும் கைக்கும் வித்தியாசம் தெரியாது. இந்தப் புது டிரைவுக்குத் தெரியும். மோட்டார் எடுக்கிற கரண்டை வினாடிக்குப் பல்லாயிரம் தடவை பார்த்து, வாய்க்குள் போவது ரப்பரா சதையா என்று கண்டுபிடித்து, கண் இமைப்பதற்குள் உருளைகளை நிறுத்திப் பின்னோக்கிச் சுற்றிவிடும்.

அதற்கு எப்படித் தெரியும் என்றால், சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். கை போன மில்களின் பழைய டிரைவ்களிலிருந்து, அந்தந்த வினாடியின் பதிவுகளை உலகம் பூராவும் தேடிச் சேகரித்தார்கள். மொத்தம் நாற்பத்தோரு கைகள் கிடைத்தன. அதில் பதினேழாவது என்னுடையது. இருபத்தொன்பதாம் வருஷம் ஒரு சோதனை ஓட்டத்தில் இடது கையில் இரண்டு விரல் போயிற்று. ஒன்றரை வினாடிப் பதிவு. கம்பெனி ஒரு நன்றிக் கடிதமும் சுவர்க் கடிகாரமும் அனுப்பியது.

திருமங்கலம் போகிற வழியில், தொழிற்பேட்டையில், கார் மிதியடி செய்யும் ஃபாக்டரி ஒன்றுக்கு அந்த டிரைவை மாட்டப் போனேன். கார்பன் பொடி காற்றிலேயே மிதக்கும் இடம். மூக்கைச் சிந்தினால் கறுப்பாக வரும். டிரைவை மெஷின் பக்கத்தில் வைத்தால் ஆறு மாதம் தாங்காது. அதனால் எழுபது மீட்டர் தள்ளி ஏசி போட்ட அறையில் பேனலை வைத்தேன். ஃபாக்டரியிலேயே ஏசி இருந்தது மேனேஜர் அறையிலும் டிரைவ் அறையிலும்தான். எழுபது மீட்டர் கேபிள் என்றால் வேறு தொல்லை. கேபிள் நீள நீள டிரைவும் திணறும், மோட்டாரின் சுருளும் அடிவாங்கும். அதற்கு டிரைவின் வெளிப்பக்கம் ஒரு ஃபில்டர் போடுவது என் வழக்கம். கரண்டில் உள்ள பிசிறையெல்லாம் வழித்து எடுத்துவிட்டு மழமழவென்று அனுப்பும். யாரும் சொல்லாமலே போட்டேன். கைப்புத்தகத்தில் வெளிப்பக்கம் பற்றிய பக்கத்தை நான் திருப்பக்கூட இல்லை. இருபத்தாறு வருஷம் செய்த வேலைக்கு யார் புத்தகத்தைப் புரட்டுவார்கள்.

நாகஜோதியை அன்றைக்குத்தான் பார்த்தேன். இருபத்தேழு வயசு. மில்லில் நிறுத்திய முதல் பெண். இந்த டிரைவ் இருந்தால் பெண்களையும் நிறுத்தலாம், நெஞ்சு உயரத்தில் இருக்கும் அவசரக் கம்பியையும் எடுத்துவிடலாம் என்று சட்டத்தைத் திருத்தியிருந்தார்கள். கம்பியில் உடம்பு பட்டாலே மெஷின் நின்றுவிடும், உற்பத்தி கெடுகிறது என்று எல்லா முதலாளிகளுக்கும் வருத்தம்.

“அண்ணே, கம்பிய எடுத்துட்டா நான் எதப் புடிச்சு நிக்கிறது?” என்று கேட்டாள்.

“ஒன்னையும் புடிக்க வேண்டாம் தாயி. உன் கைய இது பாத்துக்கிரும்.”

“பொட்டிக்கு என் கை எப்பிடித் தெரியும்?”

நான் இடது கையைத் தூக்கிக் காட்டினேன். “என் கை அதுக்குள்ள இருக்கு. இன்னும் நாப்பது பேர் கையும் இருக்கு. அத வச்சுத்தான் அது படிச்சுச்சு.”

அவள் என் கையை ரொம்ப நேரம் பார்த்தாள். “நாப்பத்தோரு பேரும் ஆம்பளைகளாண்ணே?” என்றாள்.

“அப்ப மில்லுல ஆம்பளைகதான நின்னாக. சின்னக் கைக்குக் கணக்குப் போட்டு வச்சிருக்காகளாம். பயப்படாத.”

மாட்டி முடித்ததும் சோதிக்க வேண்டும். கம்பெனி அதற்காக ஒரு பெட்டியில் மூன்று பொம்மைக் கைகள் அனுப்பியிருந்தது. பெரியது, நடுத்தரம், சின்னது. உள்ளே எலும்பு மாதிரி ஏதோ வைத்து, மேலே சதை மாதிரி ஏதோ பூசியது. ஒவ்வொன்றையும் ஒரு தடவைதான் கொடுக்க முடியும். எங்கள் தொழிற்பேட்டையில் அந்தப் பெட்டியை யாரும் பிரிப்பதில்லை. ஆட்டுக்கால் வாங்கி வருவோம். பொம்மையைவிட நிஜக் கால் மேல் என்று எங்களுக்குள் ஒரு நம்பிக்கை. ஒரு காலை வாய்க்குள் கொடுத்து, டிரைவ் நின்றதும் கைதட்டிவிட்டு, மிச்சம் மூன்று காலில் சூப் வைப்போம். அது ஒரு சடங்கு மாதிரி ஆகிப்போயிருந்தது.

அன்றைக்கும் ஆட்டுக்காலைக் கொடுத்தோம். டிரைவ் சட்டென்று நின்று பின்னால் சுற்றியது. தோலில் ஒரு கீறல்கூட இல்லை. எல்லோரும் கைதட்டினார்கள். புரொடக்‌ஷன் மேனேஜர் ராஜவேலு சைவம். அவர் சூப் வாசனைக்குத் தள்ளி நின்றபடி படிவத்தை நீட்டினார். ‘மூன்று கைகளும் சோதிக்கப்பட்டன’ என்று அச்சடித்திருந்தது. கையெழுத்துப் போட்டேன். இதற்கு முன் பத்தொன்பது ஃபாக்டரியில் போட்ட அதே கையெழுத்துதான்.

இருபத்திரண்டாம் நாள், காலை டீ முடிந்து பதினோரு மணி இருக்கும். வேறொரு மோட்டாருக்காக வந்திருந்தவன், ஏசி அறையில் பேனலுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தேன். திரையில் சுமை கொஞ்சம் ஏறியது. டிரைவ் ‘கட்டி’ என்று எழுதியது. ரப்பரில் இறுகிய கட்டி வந்தால் அப்படி எழுதும். கட்டி வந்தால் கூடுதல் விசை கொடுத்து நசுக்க வேண்டும் என்பதும் அதற்குத் தெரியும். கொடுத்தது. நான் பார்த்துக்கொண்டே நின்றேன். பிறகு திரை இருண்டது. எதிர் மெஷின்காரர் ஓடிப்போய் மெயினை இறக்கியிருந்தார்.

நாகஜோதியின் வலது கை. கட்டை விரலைத் தவிர எதுவும் மிஞ்சவில்லை. இதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல மாட்டேன்.

ஆம்புலன்ஸ் போனபிறகு எல்லோரும் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். நான் ஏசி அறைக்குள் வந்து கைப்புத்தகத்தை எடுத்தேன். அறுபத்து நாலாம் பக்கம். ‘டிரைவுக்கும் மோட்டாருக்கும் இடையில் எவ்வகை ஃபில்டரும் பொருத்தக் கூடாது. கேபிள் ஐம்பது மீட்டரைத் தாண்டினால் எங்களைத் தொடர்புகொள்ளவும்.’ இரண்டே வரி. நான் பிசிறு என்று வழித்து எறிந்ததில்தான் அந்த டிரைவ் கையைத் தேடுகிறது. ஆட்டுக்கால் முரடு, ஃபில்டர் இருந்தும் தெரிந்தது. நாகஜோதியின் கை தெரியவில்லை. சின்ன பொம்மைக் கையைக் கொடுத்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். அது இன்னும் மேசைக்கடியில் பெட்டியில் பிரிக்காமல் இருந்தது.

மெயின் இறங்கியிருக்கிறதா என்று சரிபார்த்துக்கொண்டேன். ஃபில்டரைக் கழற்றினேன். கேபிளை நேராக டிரைவில் கொடுத்து, ஆணி ஓட்டைகளை அடைத்து, கார்பன் பொடியை எடுத்து அந்த இடத்தில் தேய்த்தேன். இருபது நிமிஷம் ஆயிற்று. பொம்மைக் கைகளை ஒவ்வொன்றாகச் சுத்தியலால் நசுக்கி, கழிவுச் சாக்கில் போட்டேன். கை நடுங்கவில்லை. அழுகை வரவில்லை. பயம்கூட இல்லை. எனக்குள்ளும் யாரோ எல்லாவற்றையும் வழித்து எடுத்துவிட்டு மழமழவென்று ஆக்கிவிட்ட மாதிரி இருந்தது.

இரண்டு நாள் கழித்துச் சென்னையிலிருந்து கம்பெனி இன்ஜினியர் வந்தான். கௌசிக் என்று பெயர், முப்பது வயசிருக்கும். பேனலைத் திறந்து பார்த்தான், படிவத்தைப் பார்த்தான், பதிவை எடுத்துக்கொண்டான்.

“மூணு கையும் டெஸ்ட் பண்ணீங்களா அண்ணா?”

“பண்ணேன்.”

“சின்னக் கை நின்னுச்சா?”

“நின்னுச்சு.”

அவன் திரையில் அந்தக் கோட்டைப் பெரிதாக்கி வெகுநேரம் பார்த்தான். “எங்ககிட்ட சின்னக் கைக்கு நெஜமான பதிவே இல்லண்ணா. இருக்கறதெல்லாம் கணக்குப் போட்டது. இதுதான் மொத தடவ கெடைச்சிருக்கு” என்றான்.

“இத என்ன செய்வீக?”

“கணக்க எடுத்துட்டு இத வைப்போம். பதினோராயிரம் டிரைவுக்கும் அனுப்புவோம். எந்தக் கணக்கவிடவும் ஒரு நெஜக் கை மேல்தானே?”

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். ஃபில்டர் வழியாகப் பார்த்த கை அது. அதைப் பார்த்து, ‘சின்னக் கை என்றால் இப்படித்தான் மழமழவென்று இருக்கும்’ என்று பதினோராயிரம் டிரைவும் படித்துவைத்தால், ஃபில்டர் இல்லாத மில்லில் பிசிறோடு நிஜக் கை வரும்போது அதைக் கட்டி என்றுதான் எழுதும். எனக்கு இது புரிந்தது. புரிந்தும் டீ வாங்கிக் கொடுத்து அவனைப் பஸ் ஏற்றிவிட்டேன்.

ராஜவேலு அறிக்கை எழுதினார். “டிரைவ் மேல தப்பில்ல, உங்க மேல தப்பில்ல. அப்ப யாரு மேலன்னு எழுதணும்ல சூசை? ஏதாச்சும் ஒன்ன எழுதுனாத்தான் ஃபைல மூட முடியும்” என்றார். ஆபரேட்டரின் கவனக்குறைவு என்று எழுதினார். நான் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன்.

ஆஸ்பத்திரியில் நாகஜோதி என்னைப் பார்த்ததும் எழுந்து உட்கார முயன்றாள். கட்டு முழங்கை வரை இருந்தது.

“உங்க கை அன்னிக்குத் தூங்கிருச்சாண்ணே?” என்றாள்.

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். நான் ஆரஞ்சுப் பழப் பையை ஜன்னலில் வைத்தேன்.

“நாந்தான் அசந்துட்டேன்” என்று அவளே சொன்னாள். “பக்கத்துல பேசுனாக, திரும்புனேன். மேனேஜர் சார் எழுதுனது சரிதான்.”

“அப்பிடிச் சொல்லாத தாயி.”

“பெறகு எப்பிடிச் சொல்றது?”

எனக்குப் பதில் தெரியும். வாய்வரைக்கும் வந்தது என்றுகூடச் சொல்ல முடியாது. உள்ளே கிடந்தது, கிடந்தபடியே விட்டுவிட்டு வந்தேன். வீட்டில் சாப்பிட்டேன், தூங்கினேன். மறுநாள் வேறொரு ஃபாக்டரியில் டிரைவ் மாட்டினேன். ஃபில்டர் போடவில்லை. வேலை சுத்தமாக இருந்தது.

எட்டு மாதம் போயிற்று. ஒருநாள் மதியம் அவளே என் கடைக்கு வந்தாள். புதுச் சேலை, இடது தோளில் பை. முகத்தில் ஒரு தெளிவு.

“எனக்கு வேல கெடைச்சிருச்சுண்ணே. டிரைவ் கம்பெனியிலயே. என் கையும் உள்ள போயிருச்சாம். நாப்பத்திரண்டாவது.”

“என்ன வேல?”

“ஊர் ஊரா கண்காட்சி போடுறாகள்ல. மேடையில சின்ன மில்லு ஒன்னு வச்சிருக்காக. அது ஓடும்போது நான் கைய வைக்கணும். உடனே நின்னுரும். அப்ப நம்புவாக. இந்தக் கையி” என்று இடது கையைக் காட்டினாள். “மொத நாளு வேர்த்துக் கொட்டிருச்சு. அப்பறம் நெனச்சேன், இதுக்குள்ள இருக்கிறது என் கைதான, என் கை என்னைய விட்டுக்குடுக்குமா. வச்சேன். நின்னுருச்சு. இப்ப பயமே இல்ல.”

எந்த டிரைவ் என்று கேட்டேன். புதுசு, போன மாதம் மாற்றிய பாடம் போட்டது என்றாள்.

“எத்தன தடவ வச்ச?”

“பதினஞ்சு இருக்கும். அடுத்த வாரம் கோயமுத்தூர்ல பெரிய கண்காட்சி. வாங்கண்ணே. ரப்பர்க் கம்பெனிக்காரக எல்லாரும் வர்றாக. மில்லுல நிக்கப்போற பொண்ணுகளையும் கூட்டியாராக.”

பதினைந்து தடவை எப்படி நின்றது என்று எனக்கு விளங்கவில்லை. அந்தப் பாடத்துக்கு அது நின்றிருக்கக் கூடாது. எட்டு மாதத்தில் முதல் தடவையாக அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

கோயமுத்தூர் போனேன். கண்காட்சியில் கூட்டம். மேடையில் சின்ன மில் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. நாகஜோதி ஓரமாக உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். முன்வரிசையில் முதலாளிகள். பின்னால் சீருடையில் முப்பது நாற்பது பெண்கள், பாதிப்பேர் படிப்பு முடித்த கையோடு வந்தவர்கள். நான் மேடைக்குப் பின்னால் போனேன். என்னைப் போன்ற ஆளைப் பேனல் பக்கம் பார்த்தால் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். கதவைத் திறந்தேன்.

டிரைவின் வெளிப்பக்கம் ஒரு ஃபில்டர் இருந்தது. நான் அன்றைக்குப் போட்ட அதே அளவு, அதே வகை. கேபிள் வெறும் நாலு மீட்டர்தான். அங்கே ஃபில்டருக்கு வேலையே கிடையாது.

“மூடிருங்கண்ணா” என்றது பின்னாலிருந்து ஒரு குரல். கௌசிக்.

“இத யாரு வைக்கச் சொன்னது?”

“அது இருக்கறவரைக்கும் நாகஜோதி கைக்கு ஒண்ணும் ஆகாது. பாடமும் ஃபில்டர் வழியா வந்தது, கையும் ஃபில்டர் வழியா வருது. ரெண்டும் பொருந்திடும்.”

“உனக்குத் தெரியுமா?”

“பதிவப் பாத்த அன்னிக்கே தெரியும். ஃபில்டர் இல்லாம அவ்ளோ சுத்தமா கோடு வராதுண்ணா. ஆணி ஓட்டையையும் பாத்தேன்.” அவன் குரலைத் தாழ்த்தினான். “போன மாசந்தான் மேல சொன்னேன். அதுக்குள்ள எல்லா டிரைவுக்கும் அனுப்பிட்டாங்க. இப்ப தப்புன்னு சொன்னா பதினோராயிரம் மில்லையும் நிறுத்தணும். உங்க கையெழுத்து போட்ட ஃபாரம் இருக்கு, அதுபடி எல்லாம் சரி, அத வெச்சுக்கோன்னுட்டாங்க.”

“கீழ நிக்கிற பிள்ளைக?”

அவன் என்னைத் தாண்டிக் கையை நீட்டிப் பேனல் கதவைச் சாத்தினான். அவனுக்கும் எனக்கும் அந்த நேரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை என்று தோன்றியது.

“இன்னிக்கு மேடையில நாகஜோதிக்கு ஒண்ணும் ஆகாதுண்ணா” என்றான் மறுபடியும். “அத மட்டும் பாத்துட்டுக் கெளம்புங்க. நீங்க பேசினா உங்க லைசென்ஸ் போகும். அவங்களுக்குக் கெடைச்ச வேலையும் போகும்.”

அவன் சொன்னது அத்தனையும் உண்மை. கிளம்பியிருக்கலாம். பஸ் ஸ்டாண்டுக்கு ஆட்டோ வாசலிலேயே நின்றது. அவள் கையும் மற்ற நாற்பத்தோரு கைகளைப் போல வேறு யாரையோ காப்பாற்றுகிறது என்ற நிம்மதி ஒன்றுதான் அவளுக்கு மிச்சம். கையை ஏற்கெனவே வாங்கியாயிற்று. இதையும் வாங்க வேண்டுமா என்று நின்றேன்.

மேடையில் அறிவிப்பு வந்தது. நாகஜோதி எழுந்து மைக்கைப் பிடித்து, தன் பெயரைச் சொல்லி, தான் நாற்பத்திரண்டாவது கை என்றாள். பின்வரிசைப் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். அவள் மைக்கைத் தாங்கியில் வைத்துவிட்டு இடது கையை உருளைப் பக்கம் கொண்டுபோனாள்.

“வைக்காத தாயி” என்றேன்.

என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. படி ஏறி அவள் பக்கத்தில் போய் நின்றேன். அவள் கை அப்படியே நின்றது.

“அன்னிக்கு மில்லுல ஒரு ஃபில்டர் இருந்துச்சு. அது இருக்கப்படாது. நாந்தான் போட்டேன். அதனாலதான் டிரைவுக்கு உன் கை தெரியல. நீ ஆஸ்பத்திரிக்குப் போனபெறகு நாந்தான் கழட்டி ஒளிச்சேன். சின்னக் கைய நான் சோதிக்கவே இல்ல. நீ அசரல தாயி. இதுக்குள்ள இருக்கிற உன் கை தப்பான கை. இங்க மட்டுந்தான் நிக்கும், இங்க ஃபில்டர் வச்சிருக்காக. அந்தா நிக்கிற பிள்ளைக போற எந்த மில்லுலயும் நிக்காது.”

கௌசிக் மேடை ஓரத்தில் நின்றான். வந்து தடுக்கவில்லை. மில் சுற்றிக்கொண்டே இருந்தது.

நாகஜோதி என் முகத்தைப் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்தது. அவள் நீட்டிய கையை மெதுவாகத் திருப்பி எடுத்து, தாங்கியிலிருந்து மைக்கை எடுத்து, என் வாய்க்கு நேராகப் பிடித்தாள்.

“மொதல்ல இருந்து சொல்லுங்க” என்றாள். “பின்னால நிக்கிறவகளுக்கு ஒன்னுமே கேக்கல.”